சீர் பைன்

சீர் பைன் என்பது இமயமலையின் தாழ்ந்த சரிவுகளில் இயற்கையாக வளரும் ஓர் ஊசியிலை மரமாகும். இது வித்துமூடியிலிகள் என்னும் பெரும் பிரிவில், பைன் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் அறிவியற் பெயர் பைனஸ் ராக்ஸ்பர்கி. இந்தியாவில் இயற்கையாக வளரும் பைன் இனங்களுள் மிகுந்த பரப்பில் காணப்படுவதும், பொருளாதார நோக்கில் மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டதும் இதுவே. கட்டட மரம், தண்டவாளக் கட்டை, பெட்டி மரம், பிசின், டர்பன்டைன், ரோசின் ஆகியன இம்மரத்திலிருந்து கிடைக்கின்றன. வெட்டிய நிலையில் விரைவில் உளுத்துப்போகும் இதன் மரம், வேதிப்பொருள் கொண்டு பதப்படுத்தும் முறைகள் வந்த பின்னரே பெருமதிப்புப் பெற்றது. அம்மதிப்பு உயர்ந்த காலத்திலேயே இமயமலைச் சிற்றூர் மக்களுக்கும் வனத்துறைக்கும் இடையிலான நீண்ட பிணக்கும் வளர்ந்தது.

பெயர்

இந்தி மொழியிலும் மலைநாட்டுப் பேச்சு மொழிகளிலும் இம்மரம் சீர், சீல் என்னும் பெயர்களால் அழைக்கப்படுகின்றது. தமிழில் செல்வத்தையும் சிறப்பையும் குறிக்கும் 'சீர்' என்னும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சமசுகிருதத்தில் இதற்குச் சரளம் என்று பெயர். நேரானது என்பது அச்சொல்லின் பொருள். தமிழ் அகராதிகளிலும் மருத்துவ நூல்களிலும் காணப்படும் சரளதேவதாரு என்னும் பெயர் இம்மரத்தையே குறிக்கும். தேவதாரு என்று மட்டும் கூறினால் அது இமயமலையின் உயர்ந்த பகுதிகளில் வளரும் வேறொரு மரமாகும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை எனினும் வேறு வேறு பேரினங்கள். தமிழ் நூல்கள் சிலவற்றில் பைன் மரங்கள் அனைத்தையும் தேவதாரு என்று எழுதும் வழக்கம் இருப்பதால் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளுதல் நன்று.

இம்மரத்துக்கு முதலில் அறிவியற் பெயர் இட்டவர் இசுக்கொட்லாந்து நாட்டுத் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் (1751-1815) ஆவார். அவர் சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிச் சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்தவர். 1793-ஆம் ஆண்டு முதல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்தார். ஊசியிலைகளின் நீளத்தைக் கருதி அவர் இதற்குப் 'பைனஸ் லாங்கிபோலியா' என்று பெயரிட்டார். 'நீண்ட இலையுடைய பைன்' என்பது இதன் பொருள். ஆயினும் இதே பெயர் 1796-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பைன் ஒன்றுக்கு வழங்கப்பட்டிருந்தது. தாவரப் பெயரிடல் விதிகளின்படி ஒரே பெயரை இரண்டு இனங்களுக்கு இடலாகாது. எனவே 1897-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாவரவியலாளர் சார்லசு சார்ஜென்ட், ராக்ஸ்பர்க்கின் நினைவாக இப்போதுள்ள பெயரை இட்டார். பழைய பெயர் நூல்களில் நெடுங்காலம் வழங்கியது. வேதியியலில் அது ஒரு சேர்மத்தின் பெயராக இன்றும் நிலைத்திருக்கின்றது. இது கீழே விளக்கப்படுகின்றது.

தோற்றம்

சீர் பைன் 30 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து வளரும் பெருமரமாகும். முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதி சில இடங்களில் 2 மீட்டர் வரை விட்டமுடையதாக இருக்கும். பட்டை செம்பழுப்பு நிறமானது. அடிமரத்தில் இது மிகத் தடித்து, ஆழ்ந்த வெடிப்புகளுடன் தகடு தகடாகப் பிளந்து காணப்படும். இத்தடித்த பட்டையே தரையில் பரவும் தீயிலிருந்து மரத்தைக் காக்கின்றது.

இலைகள் ஊசி போன்றவை. மூன்று மூன்றாக ஒரு கொத்தில் அமைந்து, 20 முதல் 35 செ.மீ வரை நீண்டு தொங்கும். பெண் கூம்புகள் முட்டை வடிவில் 12 முதல் 24 செ.மீ வரை நீளமுடையன. இவை முதிர்வதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கோடையின் வெப்பத்திலோ காட்டுத்தீயின் வெப்பத்திலோ செதில்கள் விரிய, மெல்லிய சிறகுடைய விதைகள் காற்றில் பறந்து பரவுகின்றன. கனிம மண் வெளிப்பட்டுள்ள வெற்றுச் சரிவுகளில் இவ்விதைகள் எளிதில் முளைக்கும். நிலச்சரிவு நிகழ்ந்த இடங்களிலும், தீயினால் புல் அழிந்த இடங்களிலும், கைவிடப்பட்ட வயற்படிகளிலும் முதலில் வந்து சேரும் மரம் பெரும்பாலும் இதுவாகவே உள்ளது. நாற்றுக்கு நிறைந்த வெளிச்சம் தேவை. தாய்மரத்தின் அடர்ந்த நிழலில் அது தழைப்பதில்லை.

இதன் நெருங்கிய உறவினம் இமயமலையில் இல்லை. அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள கேனரித் தீவுகளில் வளரும் பைன் இதனை மிகவும் ஒத்தது.

பரவல்

வடக்குப் பாக்கித்தானில் தொடங்கி சம்மு காசுமீர், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்டம், நேபாளம், சிக்கிம், பூட்டான், அருணாச்சலப் பிரதேசம் வரை இமயமலையின் நீளம் முழுவதும் இம்மரம் காணப்படுகின்றது. பொதுவாகக் கடல் மட்டத்திலிருந்து 500 முதல் 2000 மீட்டர் உயரத்திற்குள் இது வளரும். சில தென்முகச் சரிவுகளில் 2300 மீட்டர் வரையிலும் உண்டு. இதற்குக் கீழே சால் மரக் காடுகளும், மேலே கருவாலிக் காடுகளும் தேவதாருக் காடுகளும் அமைந்துள்ளன. உத்தராகண்டத்தில் மட்டும் ஏறக்குறைய 4 இலட்சம் எக்டேர் பரப்பில் சீர் பைன் காடுகள் உள்ளன.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் பைன் இனம் எதுவும் இல்லை. நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் காணப்படும் பைன் தோட்டங்கள் 20-ஆம் நூற்றாண்டில் நடப்பட்டவை. அவற்றில் மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த இனமே மிகுதி. இலங்கையின் மலைநாட்டில் நடப்பட்டுள்ளது பெரும்பாலும் கரிபியப் பைன் ஆகும். அங்கும் அம்மரங்களிலிருந்து பிசின் எடுக்கப்படுகின்றது.

மரத்தின் தன்மை

சீர் பைனின் வெளிறு வெண்மையும் வெளிர் மஞ்சளும் கலந்தது. வைரப்பகுதி மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை மாறுபடும். ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும். கோடையில் உருவாகும் அடர்ந்த பகுதி கருமையான வரியாகவும், வசந்தத்தில் உருவாகும் மென்பகுதி வெளிறிய வரியாகவும் அமைவதால் இழைத்த பலகையில் அழகிய கோடுகள் காணப்படுகின்றன. உலர்ந்த மரத்தின் நிறை ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 500 முதல் 600 கிலோகிராம் ஆகும். தேக்கைவிட இது இலேசானது. வாளுக்கும் இழைப்புளிக்கும் எளிதில் வசப்படும். பிசின் மிகுந்த பலகைகள் மட்டும் வாளின் பற்களில் ஒட்டி வேலையைத் தடுக்கும். அத்தகைய பலகைகளின் மீது பூசப்படும் வண்ணமும் நெடுநாள் நிற்பதில்லை.

இம்மரத்துக்கு மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, நிலத்தில் பதித்தால் வெளிறுப்பகுதி சில ஆண்டுகளுக்குள் பூஞ்சையினாலும் கரையானாலும் அழிந்துவிடும். இரண்டாவது, வெட்டிய மரத்தை உடனே அறுத்து உலர்த்தாவிடில் மழைக்காலத்தில் அதன்மேல் ஒருவகைப் பூஞ்சை படர்ந்து நீலச் சாயல் ஏற்படும். இதனால் வலிமை பெரிதும் குறைவதில்லை என்றாலும் விலை குறையும்.

மூன்றாவது குறையே மிகவும் தொல்லை தருவது. சில மரங்களில் நார்கள் நேராகச் செல்லாமல் அடிமரத்தைச் சுற்றித் திருகு போல் முறுக்கிச் செல்கின்றன. அத்தகைய மரத்தை அறுத்தால் பலகை உலரும்போது வளைந்து கோணும். சுமை தாங்கும் உத்திரமாகவும் அதனைப் பயன்படுத்த இயலாது. நேரானது என்று பெயர் பெற்ற மரத்தில் இக்குறை மிகுந்திருப்பது வியப்புக்குரியது. இந்தியக் காடுகளை வகைப்படுத்தியவராக அறியப்படும் ஹாரி சாம்பியன் 1920களில் இதனை ஆராய்ந்து, இதில் மரபுவழிக் காரணமும் உண்டு என்னும் கருத்தை வெளியிட்டார். ஊர்களுக்கு அருகில் நேரான நல்ல மரங்களே தலைமுறை தலைமுறையாக வெட்டப்பட்டு, முறுக்கிய மரங்கள் விதை தரும்படி விடப்பட்டமையால் குறை பெருகியது என்றும் விளக்கம் கூறப்படுகின்றது.

இக்குறைகளை அறிந்திருந்த மலைவாழ் மக்கள் இம்மரத்தை அளவோடு பயன்படுத்தினர். வீட்டின் கைமரம், கூரைப் பலகை, கதவு ஆகியவற்றுக்கு மழை படாத இடங்களில் இது பயன்பட்டது. வசதியுடையோர் தேவதாருவையோ துன மரத்தையோ விரும்பினர். ஏர், நுகத்தடி போன்ற கருவிகளுக்கு வன்மையும் நெகிழ்வும் உடைய அகலிலை மரங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. பிசின் ஊறிய வைரக்கட்டையைச் சிராய்களாகச் சீவி விளக்காகவும் தீப்பந்தமாகவும் எரிப்பது பழைய வழக்கம். மண்ணெண்ணெய் வருவதற்கு முன்னர் மலைச் சிற்றூர்களின் இரவு விளக்கு இதுவாகவே இருந்தது. இதற்காக உயிருள்ள மரத்தின் அடியைக் குடைந்து சிராய் எடுப்பதும் உண்டு. அவ்வாறு குடையப்பட்ட பொந்தில் காட்டுத்தீ எளிதில் பற்றிக்கொள்ளும்.

தண்டவாளக் கட்டைகளும் பதப்படுத்தலும்

வட இந்தியாவில் தொடருந்துப் பாதைகள் அமைக்கப்பட்டபோது தண்டவாளங்களைத் தாங்கும் கட்டைகளுக்கு முதலில் நாடப்பட்டது தேவதாரு மரமாகும். பதப்படுத்தாமலேயே நெடுங்காலம் உழைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. தெகிரி கர்வால் சமத்தானத்தின் யமுனைக் காடுகளிலிருந்து மட்டும் 1869-ஆம் ஆண்டுக்கும் 1885-ஆம் ஆண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 65 இலட்சம் தேவதாருக் கட்டைகள் அனுப்பப்பட்டன. எட்டக்கூடிய இடங்களில் இருந்த தேவதாரு குறைந்த பின்னர், அதனினும் பெருமளவில் இருந்த சீர் பைன் மீது கவனம் திரும்பியது. ஆனால் பதப்படுத்தாத சீர் பைன் கட்டை பாதையில் சில ஆண்டுகளே தாங்கும்.

இதற்குத் தீர்வாக அமைந்தது கிரியோசோட்டு என்னும் நிலக்கரித் தார் எண்ணெய் ஆகும். உலர்ந்த கட்டைகளைப் பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி மூடி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிய பின்னர், சூடேற்றிய எண்ணெயை அழுத்தத்துடன் செலுத்துவர். எண்ணெய் மரத்தின் உட்புறம் வரை ஊடுருவும். எளிதில் அழுகும் சீர் பைனின் வெளிறு எண்ணெயை நன்கு உறிஞ்சும் இயல்புடையது. மரத்தின் குறையாகக் கருதப்பட்ட பகுதியே இம்முறைக்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் பஞ்சாபின் தில்வான் என்னும் ஊரில் இதற்கென ஆலை அமைக்கப்பட்டது. மலையில் அறுக்கப்பட்ட கட்டைகள் மரத்தாலான சறுக்குத் தடங்கள் வழியே ஓடைகளுக்கும், ஓடைகளிலிருந்து ஆறுகளுக்கும் இறக்கப்பட்டு, நீரில் மிதந்தே சமவெளியை அடைந்தன.

அடுத்த முன்னேற்றம் இந்தியாவிலேயே நிகழ்ந்தது. தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சோந்தி காமேசன் என்னும் அறிவியலாளர் 1933-ஆம் ஆண்டில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் சேர்மங்கள் கலந்த கரைசல் ஒன்றை உருவாக்கினார். செம்பு பூஞ்சையைத் தடுக்கும். ஆர்சனிக் கரையானைத் தடுக்கும். குரோமியம் இவ்விரண்டையும் மரத்தின் நாரோடு பிணைத்து, மழைநீரில் கரைந்து போகாமல் காக்கும். கிரியோசோட்டைப் போல் இது கையில் ஒட்டுவதில்லை, நாற்றமும் இல்லை. இம்முறையில் பதப்படுத்திய சீர் பைன் மின்கம்பங்களாகவும், ஆலைகளின் குளிர்விப்புக் கோபுரங்களிலும் பயன்பட்டது. இக்கண்டுபிடிப்பு உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் வீட்டுத் தோட்ட வேலிகளும் திண்ணைப் பலகைகளும் பல பத்தாண்டுகள் இக்கரைசலில் பதப்படுத்திய பைன் மரத்தாலேயே செய்யப்பட்டன. ஆர்சனிக்கின் நச்சுத்தன்மை குறித்த அச்சத்தால் 2003-ஆம் ஆண்டின் முடிவுடன் அந்நாட்டில் வீட்டுப் பயன்பாட்டுக்கு இது பெரும்பாலும் கைவிடப்பட்டது. இவ்வாறு பதப்படுத்திய மரத்தை அடுப்பில் எரித்தல் கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் வெளிப்படும்.

இந்தியத் தொடருந்துப் பாதைகளில் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கற்காரைக் கட்டைகள் வந்ததை அடுத்து மரக்கட்டைகளின் தேவை குறைந்தது.

பிசின்

பைன் மரங்களின் உடலெங்கும் நுண்ணிய பிசின் குழாய்கள் உள்ளன. காயம் ஏற்பட்டால் குழாயைச் சூழ்ந்துள்ள உயிரணுக்களின் அழுத்தத்தால் பிசின் வெளியேறிக் காயத்தை மூடுகின்றது. காற்றுப்பட்டதும் அதிலுள்ள எளிதில் ஆவியாகும் பகுதி நீங்கி எஞ்சியது இறுகிவிடும். இதனால் பூச்சியும் பூஞ்சையும் உட்புக இயலாது. பிசின் எடுத்தல் என்பது இக்காயம் ஆறிவிடாமல் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கும் தொழிலாகும்.

இந்தியாவில் இத்தொழில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குமாவுன் பகுதியில் வனத்துறையால் தொடங்கப்பட்டது. பிரான்சு நாட்டின் தென்மேற்கிலுள்ள லாந்து பகுதியில் வழங்கிய முறையே இதற்கு முன்மாதிரி. அடிமரத்தில் பட்டையைச் சீவி, உளி போன்ற கருவியால் ஏறக்குறைய 10 செ.மீ அகலமும் 2.5 செ.மீ வரை ஆழமும் உள்ள பள்ளம் வெட்டப்படும். அதன் கீழே வளைந்த தகரத் தகடு ஒன்றைப் பொருத்தி, தகட்டின் அடியில் கிண்ணம் தொங்கவிடப்படும். வாரத்துக்கு ஒரு முறை பள்ளத்தின் மேல்விளிம்பு சிறிது சீவப்படும். மார்ச்சு முதல் நவம்பர் வரை நீளும் பருவத்தில் வெட்டு மேல்நோக்கி வளர்ந்துகொண்டே செல்லும். வெப்பம் மிகுந்த நாட்களில் பிசின் மிகுதியாக வடியும். ஒரு மரம் ஒரு பருவத்தில் பொதுவாக 3 முதல் 6 கிலோகிராம் வரை தரும்.

விதிகளின்படி ஏறக்குறைய 90 செ.மீ சுற்றளவை எட்டிய மரத்தில் ஒரு வெட்டு மட்டுமே இடலாம். சில ஆண்டுகளில் வெட்டி எடுக்கப்படவிருக்கும் மரங்களில் மட்டும் இயன்ற அளவு வெட்டுகள் இடப்படும். நடைமுறையில் ஒப்பந்தக்காரரின் கூலியாட்களுக்கு எடைக்கணக்கில் கூலி கிடைத்ததால், வெட்டு ஆழமாகவும் அகலமாகவும் சென்றது. ஆழமான வெட்டு மரத்தை நலிவுறச் செய்யும். பிசின் ஊறிய காயத்தில் தீப்பற்றினால் அது அடிமரத்தின் உள்ளே வரை எரிந்து செல்லும். அவ்வாறு அரைபாதி எரிந்து நிற்கும் மரங்கள் அடுத்த புயற்காற்றில் முறிந்து விழும்.

இக்குறையைக் களைய, பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, மீன்முள் வடிவில் 2 முதல் 3 மி.மீ ஆழமுள்ள கோடுகள் கீறி, அவற்றின்மேல் நீர்த்த அமிலக் கரைசலைத் தெளிக்கும் முறை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகுத்தப்பட்டது. அமிலம் குழாய்கள் விரைவில் அடைபடாமல் காக்கின்றது. கட்டையின் உட்பகுதி சேதமடையாததால் பின்னர் அம்மரத்தைப் பலகைக்கும் பயன்படுத்தலாம்.

ஆலையில் பிசினை நீராவியுடன் காய்ச்சி வடித்தால் ஆவியாகி வரும் எண்ணெய் டர்பன்டைன் ஆகும். இது மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அடியில் எஞ்சி, குளிர்ந்ததும் கண்ணாடி போல் இறுகும் பொருள் ரோசின் ஆகும். இது ஏறக்குறைய முக்கால் பங்கு. தாளின் மீது மை பரவாமல் இருப்பதற்குச் சேர்க்கப்படும் பசை, சவர்க்காரம், மெருகெண்ணெய், அச்சு மை, பற்றாசு வேலை ஆகியவற்றில் ரோசின் பயன்படுகின்றது. வயலின் வில்லின் மயிரில் தேய்க்கப்படும் மஞ்சள் நிறக் கட்டியும் ரோசினே. நைனித்தாலுக்கு அருகிலுள்ள பவாலியில் தொடக்கத்தில் சிறிய வடிப்பாலை ஒன்று இயங்கியது. பின்னர் 1920களில் சமவெளியிலுள்ள பரேலியில் பெரிய ஆலை நிறுவப்பட்டது. அது 1990களின் இறுதியில் மூடப்பட்டது. இமாச்சலப் பிரதேசத்தில் நாகன், பிலாசுபூர் ஆகிய ஊர்களில் மாநில வன வளர்ச்சிக் கழகத்தின் ஆலைகள் உள்ளன.

டர்பன்டைனின் வேதியியல்

இந்திய டர்பன்டைன் தொடக்கத்தில் சந்தையில் மதிப்புக் குறைந்ததாகக் கருதப்பட்டது. ஐரோப்பிய, அமெரிக்க டர்பன்டைனைப் போல் இது நடந்துகொள்ளவில்லை. இதன் காரணத்தை ஆராய்ந்தவர் ஜான் சைமன்சன் (1884-1957). சென்னை மாநிலக் கல்லூரியில் 1910-ஆம் ஆண்டு முதல் வேதியியல் பேராசிரியராக இருந்த இவர், இந்திய அறிவியல் மாநாட்டைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர். 1919-ஆம் ஆண்டில் தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்திற்குச் சென்றார். மற்ற நாட்டு டர்பன்டைனில் பைனீன் என்னும் சேர்மம் மிகுந்திருக்க, சீர் பைனிலிருந்து கிடைப்பதில் கரீன் என்னும் சேர்மமே பெரும்பகுதியாக இருப்பதை அவர் கண்டறிந்தார். அதனுடன் அதுவரை அறியப்படாத ஒரு சேர்மத்தையும் 1920-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தார். மரத்தின் அக்காலப் பெயரைக் கொண்டு அதற்கு லாங்கிபோலீன் என்று பெயரிடப்பட்டது. அதன் சிக்கலான வளைய அமைப்பு 1953-ஆம் ஆண்டில் ஊடுகதிர் ஆய்வின் மூலம் துணியப்பட்டது. 1960களில் அமெரிக்க வேதியியலாளர் ஈ. ஜே. கோரி அதனை ஆய்வகத்தில் தொகுத்தமை கரிம வேதியியல் பாடநூல்களில் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது.

கோயில்களிலும் வீடுகளிலும் ஏற்றப்படும் சூடம் இக்காலத்தில் பெரும்பாலும் டர்பன்டைனிலுள்ள பைனீனிலிருந்தே செயற்கையாகத் தயாரிக்கப்படுகின்றது. சீர் பைன் டர்பன்டைனில் பைனீன் குறைவு என்பதால், இந்தியச் சூட ஆலைகள் தமக்குத் தேவையான டர்பன்டைனை வெளிநாடுகளிலிருந்தே பெரிதும் தருவிக்கின்றன.

காடும் மக்களும்

குமாவுன் பகுதி 1815-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயிற்று. பயிரிடப்படாத நிலம் முழுவதும் 1893-ஆம் ஆண்டில் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 1911-ஆம் ஆண்டுக்கும் 1917-ஆம் ஆண்டுக்கும் இடையில் நிகழ்ந்த வன நிருணயத்தின்போது பெரும் பரப்பு ஒதுக்கீட்டுக் காடாக்கப்பட்டது. மேய்ச்சல், தழை வெட்டல், விறகு எடுத்தல் ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, கோடைக்கு முன் காட்டின் தரையைக் கொளுத்தும் பழைய வழக்கம் தடை செய்யப்பட்டது. மக்களுக்கு அத்தீ இன்றியமையாதது. உதிர்ந்த ஊசியிலைகள் தடித்த மெத்தையாகப் படிந்தால் கீழே புல் முளைக்காது. சரிவில் நடக்கும் மாடுகளும் வழுக்கி விழும். வனத்துறைக்கோ தீ என்பது இளங்கன்றுகளின் அழிவும் பிசின் வெட்டுகளின் இழப்பும் ஆகும். இரு தரப்பும் கூறியதில் உண்மை இருந்தது. ஆனால் முடிவெடுக்கும் உரிமை ஒரு தரப்பிடம் மட்டுமே இருந்தது.

1921-ஆம் ஆண்டு சனவரியில் பாகேசுவரில் கூடிய மக்கள், அரசு அலுவலர்களின் சுமைகளைக் கட்டாயமாகத் தூக்கச் செய்யும் முறையை எதிர்த்து, அதற்கான பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர். அவ்வாண்டுக் கோடையில் குமாவுனின் சீர் பைன் காடுகள் பல இடங்களில் வேண்டுமென்றே கொளுத்தப்பட்டன. பிசின் சேமிப்பு நிலையங்களும் எரிந்தன. தங்களுக்குத் தழையும் நீரும் தரும் கருவாலிக் காடுகளுக்கு மக்கள் தீ வைத்ததாகச் சான்று அரிது என்று வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா சுட்டிக்காட்டியுள்ளார். எரிந்தவை வணிகத்துக்குரிய காடுகளே. இதன் பின்னர் அரசு அமைத்த குறைகேட்புக் குழுவின் பரிந்துரைப்படி, வணிக மதிப்புக் குறைந்த காடுகள் வனத்துறையிடமிருந்து விலக்கப்பட்டன. 1931-ஆம் ஆண்டில் ஊர்மக்களே காடுகளை ஆளும் வனப் பஞ்சாயத்து முறைக்கு விதிகள் வகுக்கப்பட்டன. அம்முறை உத்தராகண்டத்தில் இன்றும் நடைமுறையில் உள்ளது.

விடுதலைக்குப் பின்னரும் பிணக்கு தீரவில்லை. சண்டி பிரசாத் பட் முதலியோர் 1964-ஆம் ஆண்டில் கோபேசுவரில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் சிறிய பிசின் ஆலை ஒன்றை நடத்தியது. சமவெளியின் பெரிய ஆலைக்குக் கொடுக்கப்பட்டதைவிடக் கூடுதலான விலைக்கே தங்களுக்குப் பிசின் தரப்படுவதாக அச்சங்கம் முறையிட்டது. 1973-ஆம் ஆண்டில் அதே சங்கம் வேளாண் கருவிகள் செய்ய அங்கு என்னும் மரத்தைக் கேட்டபோது, அதற்கு மாற்றாகச் சீர் பைனைப் பயன்படுத்துமாறு கூறப்பட்டதாகச் சிப்கோ இயக்க வரலாற்றில் குறிப்பிடப்படுகின்றது. அங்கு மரங்கள் விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டன. பைன் மரத்து நுகத்தடி மாட்டின் கழுத்தில் நில்லாது என்பதை மலை உழவர் ஒவ்வொருவரும் அறிவர். மரங்களைக் கட்டித் தழுவி வெட்டாமல் தடுக்கும் சிப்கோ இயக்கம் அவ்வாண்டில் இதிலிருந்தே தொடங்கியது. 1977-ஆம் ஆண்டில் தெகிரி கர்வாலின் எம்வல் பள்ளத்தாக்கில் இயக்கத்தினர் அளவுமீறிப் பிசின் வெட்டப்பட்ட சீர் பைன்களின் காயங்களில் சேறு பூசிச் சாக்குத்துணியால் கட்டுப்போட்டனர். 1980களின் தொடக்கத்தில் அப்போதைய உத்தரப் பிரதேச மலைப்பகுதிகளில் 1000 மீட்டருக்கு மேல் பச்சை மரங்களை வணிகத்துக்காக வெட்டுதல் 15 ஆண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டது.

ஊசியிலைகளும் காட்டுத்தீயும்

சீர் பைனின் உதிர்ந்த இலைகள் உத்தராகண்டத்தில் பிருல் எனப்படுகின்றன. ஏப்பிரல் முதல் சூன் வரை, காடு மிகவும் உலர்ந்திருக்கும் காலத்தில், இவை பெருமளவில் உதிர்கின்றன. பிசின் கொண்டிருப்பதால் எளிதில் தீப்பற்றும், மெதுவாகவே மட்கும். 2016-ஆம் ஆண்டுக் கோடையில் உத்தராகண்டத்தில் 4,000 எக்டேருக்கும் மேற்பட்ட காடு எரிந்தது. 2024-ஆம் ஆண்டு சூன் மாதம் அல்மோராவுக்கு அருகிலுள்ள பின்சர் காப்பகத்தில் தீயணைக்கச் சென்ற வனப் பணியாளர்கள் உயிரிழந்தனர்.

தீக்கு இம்மரமே காரணம் என்றும், கருவாலியை அகற்றி இது பரவுகின்றது என்றும் மலைநாட்டில் பரவலாகக் கூறப்படுகின்றது. இதில் ஒரு பகுதியே சரியானது. அடர்ந்த கருவாலி நிழலில் பைன் நாற்று முளைத்து வளர இயலாது. விறகுக்கும் தழைக்குமாகக் கருவாலி ஓயாது வெட்டப்பட்டு வெளிச்சம் புகுந்த இடங்களில், அடிக்கடி தீயும் பரவினால், தடித்த பட்டையுடைய பைன் நிலைபெற்றுக் கருவாலி பின்வாங்குகின்றது.

பிருல் நெடுங்காலமாகத் தொழுவத்தில் மாடுகளுக்குப் படுக்கையாக விரிக்கப்பட்டு, பின்னர் சாணத்துடன் எருவாகின்றது. அழுத்தி எரிகட்டியாக்குதல், கூடை முடைதல், கரிவளியாக்கி மின்சாரம் எடுத்தல் ஆகிய முயற்சிகளும் நடைபெறுகின்றன. பிருலிலிருந்து மின்சாரம் தயாரிப்பதற்கான கொள்கையை உத்தராகண்ட அரசு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஊர்மக்களிடமிருந்து பிருலை விலைக்கு வாங்கும் திட்டத்தை 2024-ஆம் ஆண்டில் அறிவித்தது. இலேசான இவ்விலைகளைச் செங்குத்தான சரிவுகளில் திரட்டிச் சாலைக்குக் கொண்டுவரும் உழைப்பே இம்முயற்சிகளில் பெருஞ்செலவாகின்றது. அவ்வுழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது.

பிற நாடுகளில்

அழகுக்காகவும் மரத்துக்காகவும் சீர் பைன் பல வெப்பமண்டல, மிதவெப்ப நாடுகளில் நடப்பட்டுள்ளது. தென்னாப்பிரிக்காவில் தோட்டங்களிலிருந்து தானாகப் பரவியதால் அங்கு இது கட்டுப்படுத்த வேண்டிய அயல் இனமாகக் கருதப்படுகின்றது.